சுமதியின் இடது கை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புனே முழுக்க மழை. தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் கணுக்கால் தண்ணீர். டெப்போவில் வேலைக்கு லேட்.

வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை, ஜவ்வரிசி, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள்.

சுமதிக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. வலது கை, வலது கால் பாதிதான். பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு சொல் மிச்சம். "ஆமா." காபி வேணுமா, ஆமா. வேண்டாமா, ஆமா. உன் பேர் முருகேசனா என்று டாக்டர் கேட்டார், அதற்கும் ஆமா. முருகேசன் நான். தலையும் அந்தச் சொல்லோடு சேர்ந்து ஆடிவிடுகிறது.

ராத்திரி சரவணன் போன். அவள் தம்பி, கோயம்புத்தூர். "அக்காகிட்டக் குடுங்க மச்சான்." ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, ஊருக்கு வந்தர்றியா? இங்க நல்ல ஹோம் ஒண்ணு இருக்குது. நர்செல்லாம் இருக்கறாங்க." ஆமா என்றாள். "பாத்தீங்களா மச்சான், அக்காளே சரீங்குது."

சனிக்கிழமை வருகிறான். ஞாயிறு ரயிலில் கூட்டிப் போகிறான். நானும் சரி என்றுவிட்டேன். எனக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. பகலில் யார் பார்ப்பது? வேலைக்கு வரும் மங்கல் மௌஷி பாத்திரம் தேய்ப்பாள். ஆளைத் தூக்கி உட்கார வைக்க அவள் முதுகு ஒத்துழைக்காது. சுமதிக்கும் எது வீடு, எது ஹோம் என்று தெரியவா போகிறது.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு. பிம்ப்ரியில் ஸ்பீச் தெரபி. கடைசி வாரம்தானே, ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். போகாமல் இருந்திருந்தால்!

ஒழுங்காக எழுதுகிறேன்.

பழைய தெரபிஸ்ட் லீவு. புதிதாக ஒரு பெண், பிராச்சி. மராத்திக்காரி. என்னைக் காகா, அதாவது சித்தப்பா என்கிறாள். ஹிந்தியில்தான் பேச்சு. தமிழ் தெரியாது என்பதால், "இவங்க என்ன வேலை பார்த்தாங்க காகா?" என்று கேட்டாள். மெஷின்களோடு கொடுக்கிற கையேட்டில் மற்றவர்கள் எழுதும் இங்கிலீஷைத் திருத்துகிற வேலை, இருபது வருஷம் என்றேன். "அப்படியா, சரி, இங்கிலீஷிலேயே பார்த்துடலாம்" என்றாள்.

விதி ஒன்றே ஒன்று. வாக்கியம் காதுக்குச் சரியாக இருந்தால் சும்மா இருக்க வேண்டும். தப்பாக இருந்தால் இடது கையைத் தூக்க வேண்டும். அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது. ஜாடை காட்டியே சொல்லிக் கொடுத்தாள்.

"ஷீ டிரிங்ஸ் டீ." கை மடியில்.

"ஷீ டீ டிரிங்ஸ்." கை எழுந்தது.

தற்செயல் என்றுதான் நினைத்தேன்.

"தி சேர் டிரிங்ஸ் மை அம்ப்ரெல்லா." நாற்காலி என் குடையைக் குடிக்கிறதாம். இதற்குத் தூக்குவாள் என்று பார்த்தால், தூக்கவில்லை. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு. "டிரிங்ஸ் தி மை சேர் அம்ப்ரெல்லா." சட்டென்று தூக்கினாள், ஈ ஓட்டுகிற மாதிரி.

என் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது: "திஸ் இஸ் தி புக் விச் ஐ பாட் இட் எஸ்டர்டே." சரிதானே? முப்பது வருஷமாக டெப்போவில் இப்படித்தான் எழுதுகிறேன். கை எழுந்தது. அவள் தடுமாறிவிட்டாள் என்று நான் பரிதாபப்பட்டேன். பிராச்சி சிரித்துவிட்டாள். "ஆன்ட்டி கரெக்ட், காகா. அங்கே 'இட்' வரக் கூடாது. 'விச்' ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடிச்சாச்சு." இருபது வாக்கியத்தில் சுமதி இரண்டே தப்பு. நான் ஐந்து.

"வாக்கியம் கட்டத்தான் இவங்களால முடியலை காகா. நாம சொல்றது பெரும்பாலும் புரியுது. அந்த 'ஆமா' பதில் இல்லை. வேற சொல் வராததால அது வந்து விழுது."

பதில் இல்லை!

போன மாதம் சரவணன் பெண்டாட்டி வந்தாள். "அண்ணி, இந்த மயில்கழுத்துப் பட்டு உங்களுக்கு இனி எதுக்கு, நான் எடுத்துக்கட்டுங்களா?" ஆமா. எடுத்துக்கொண்டு போனாள். பால் வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று நினைத்தவளுக்கு நான் ஊற்றிய பால் எத்தனை டம்ளர். நேற்றைய ஸ்பீக்கர் போன். எல்லாம் அவள் உட்கார்ந்திருக்கும்போதே, அவளுக்கு எதிரிலேயே.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

தூறல். மங்கல் மௌஷி பண்டரிபுரம் போய்விட்டு வந்து பிரசாதம் கொடுத்தாள்.

சாயங்காலம் நானே பரீட்சை வைத்தேன். நம் பாஷையில் வைப்போமே என்று தமிழில்.

"நான் கடைக்குப் போனேன்." சும்மா இருந்தாள். சரி. கலைத்துப் போட்டேன். "கடைக்கு நான் போனேன்." சும்மா. "போனேன் நான் கடைக்கு." சும்மா. "நான் போனேன் கடைக்கு." சும்மாவே இருந்தாள், என்னையே பார்த்துக்கொண்டு.

உயிரே போய்விட்டது. நேற்று நடந்ததெல்லாம் குருட்டாம்போக்கு, நான்தான் ஆசையில் பெரிதாக நினைத்துக்கொண்டேன் என்று பால்கனியில் போய் நின்றேன். கீழே யாரோ ஸ்கூட்டர் உதைத்துக்கொண்டே இருந்தார்கள், ஸ்டார்ட் ஆகவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இதில் எது தப்பு? ஒன்றுமே தப்பில்லையே! கூமுட்டை நான்தான். தமிழில் சொல் தன் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருக்கிறது, லோக்கல் ரயிலில் எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும். இங்கிலீஷில் எல்லாம் ரிசர்வேஷன். சீட் மாறினால் டிடிஆர் எழுப்பிவிடுவார்.

உள்ளே ஓடினேன். "நான் கடைக்குப் போனாள்."

கை எழுந்தது. கூடவே முகத்தில் அந்தப் பழைய சுளிப்பு. என் லெட்டர்களைப் படித்துவிட்டுச் சுளிப்பாளே, அதேதான். ஏன் தப்பு என்று கேட்டால் அவளுக்கும் காரணம் சொல்லத் தெரியாது. "காதுக்கு ஒத்துக்கலீங்க, அவ்வளவுதான்" என்பாள்.

அழுதுவிட்டேன். அவள் "ஆமா, ஆமா" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

டெப்போவில் ஸ்டாக் சரிபார்ப்பு. கூட வேலை செய்யும் பாட்டீல் கேட்டார், வீட்டில் எப்படி? நன்றாக இருக்கிறாள் என்றேன். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

நீண்ட லீவு கேட்டு இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். கொடுக்கத்தான் போகிறேனா, தெரியாது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பாராவிலேயே நாலு தடவை கை. நல்ல வேளை, பேச்சு இல்லை. இருந்திருந்தால் மானம் போயிருக்கும்.

ஊர் விஷயத்தை இன்னும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு நிமிஷ வேலை. பயம். பிராச்சியிடம் போனில் விசாரித்தேன், ஒரு கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லவும் அந்தக் கையைத் தூக்குவார்களா என்று. "முயற்சி பண்ணிப் பாருங்க காகா, உறுதியாகச் சொல்ல முடியாது" என்றாள். என் பயம் அதுகூட இல்லை. கேட்டு, கை எழாமலே இருந்துவிட்டால்? என்னை விட்டுப் போகத்தான் விருப்பம் என்றால்?

சுமதியின் துணிகளை இன்னும் பெட்டியில் வைக்கவில்லை.

ஜூலை 12, சனி

மழை விட்டு வெயில். சரவணன் மத்தியானம் வந்தான். முறுக்கு, ஒரு சக்கர நாற்காலி, ஹோமின் போட்டோக்கள். நல்ல பையன்தான், அக்கா மேல் உயிர். பிராச்சி சொன்னதையெல்லாம் சொன்னேன். நம்பவில்லை.

"மச்சான், நாமளா கட்டாயப்படுத்துனதா இருக்கக் கூடாதுங்க. உங்களுக்கு முன்னாலயே கேட்டர்றேன்." அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அக்கா, நாளைக்கு நம்மூருக்குப் போலாமா?"

"ஆமா."

"பாத்தீங்களா."

நான் பார்த்தது வேறு. அவன் பிடிக்குள் அவள் விரல்கள். தூக்கப் பார்க்கிறாள், அவன் பாசத்தில் இன்னும் இறுக்குகிறான். அய்யோ, இத்தனை நாளும் எல்லோருமே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே கேட்டோம்!

"கைய விடு மாப்ள."

"என்னங்க மச்சான்?"

"விடுன்னா விடு."

விட்டான். கை தூக்கும் விதியை அவள் கற்றது இங்கிலீஷில்தானே, அதிலேயே கேட்போம் என்று நினைத்தேன். அவளிடம் தப்பான வாக்கியம் ஒன்றைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு சொல்லையும் அதனதன் சீட்டில் உட்கார வைத்துச் சொன்னேன். "சுமதி, டூ யூ வாண்ட் டு கோ டு கோயம்புத்தூர்?"

"ஆமா" என்றாள். கை எழுந்தது. தோளுக்கு மேல், தலைக்கு மேல்.

சரவணன் என்னைப் பார்த்தான். "இங்கிலீஷ் தப்புங்களா மச்சான்?"

"இந்த ஒண்ணு தப்பில்ல மாப்ள."

அவன் எழுந்து அவள் எதிரில் வந்து நின்றான். தமிழில் கேட்டான். ஆமா, கை மேலே. ஹோம் போட்டோவைக் காட்டிக் கேட்டான். ஆமா, ஆமா என்று அவள் அழுகிறாள், கையை மட்டும் இறக்கவில்லை. நான்தான் மெல்லப் பிடித்து இறக்கி மடியில் வைத்துவிட்டு என் கையை எடுத்துக்கொண்டேன். பகலுக்கு ஆள் தேட வேண்டும். விண்ணப்பத்தைத் திருத்தித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதெல்லாம் அப்புறம். ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. இங்கிலீஷ் வேண்டாம் என்று தமிழிலேயே கேட்டேன்.

"எங்கூடவே இங்கயே இருந்துக்கறியா புள்ள?"

"ஆமா" என்றாள்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம், நானும் அவனும். மடியை விட்டு அசையவில்லை.