தம்ளர் சத்தம்

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்பு மகள் அபிகாயிலுக்கு,

அப்பா ஆபேல் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஹெப்சி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் என்றால் நான் கத்துவேன், அம்மா காதில் விழும்; அதனால் வாசலில் உட்கார்ந்து சொல்கிறேன். ஹெப்சி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

பயப்படாதே. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மா தானாகக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்து விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. நெற்றியில் நாலு தையல். பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து, என்னைக் கூப்பிட ஸ்பூனால் தம்ளரைத் தட்டுவாளே, அன்றும் தட்டியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஹெப்சிக்குக் கேட்டிருக்கிறது. காது கேட்கிற மிஷினை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை. இன்னா தாத்தா, எனக்கே கேட்டுது, உனக்குக் கேக்கலையா என்று ஓடிவந்து கத்தினாள். இதையும் எழுதணுமா என்கிறாள். எழுதும்மா.

மிஷின் கெட்டுவிட்டது என்று சேலையூர் கிளினிக்குக்குப் போனேன். அங்கே மிஷின் பார்க்கிற சினேகா பொண்ணு பார்த்துவிட்டு, நல்லாத்தான் சார் வேலை செய்யுது, ரொம்ப நல்லாவே கத்துக்கிட்டிருக்குது என்றாள். கிறிஸ்துமஸுக்கு நீ வந்து வாங்கிக்கொடுத்தபோதே சொன்னாளே, இதில் ஏ.ஐ. இருக்கிறது, பிடிக்காத சத்தம் வந்தால் மிஷினை ரெண்டு தட்டு தட்டுங்கள், அது குறித்துவைத்துக்கொண்டு அந்த மாதிரி சத்தத்தைத் தானே அடக்கிவிடும் என்று. எதிர்க்கடை சிட்டிபாபு எவர்சில்வர் பாத்திரம் உருட்டுவதற்குத் தட்டினேன் என்றேன். பாத்திரமும் தம்ளரும் மிஷினுக்கு ஒண்ணுதான் சார், உங்க தப்பில்ல என்று அனுப்பிவிட்டாள்.

அவளிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை. எழுத்துதான் தெரியாது, நாள் கிழமை எனக்கு மறக்காது. ஈஸ்டருக்கு மறுநாளே சிட்டிபாபு கடையைக் காலி செய்துகொண்டு ஊரப்பாக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகும் மூன்று தடவை மிஷினைத் தட்டினேன். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்தின சனி, உச்சி வேளை. அடுத்த புதன், கரண்ட் போன நேரம். போன மாதம் பதினாலாம் தேதி, நீ பேசிவிட்டுப் போனை வைத்த கையோடு. மூன்றும் உன் அம்மா கூப்பிட்டபோது. அந்த நாட்களில் காலையிலிருந்து இருபது தடவை அவளிடம் எழுந்துபோயிருந்தேன், அபி. ஒரு வாய் காப்பி ஆறாமல் குடிக்க நினைத்தேன். பிறகு தம்ளர் சத்தம் குறைந்தது. அம்மா தேறி வருகிறாள் என்று உன்னிடம்கூடச் சொன்னேன்.

நான் தட்டின தேதியெல்லாம் உன் போனிலும் வருமாம். நீ கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

இப்போது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். தாத்தா, ஒரு வரி முடிக்கவிடு என்று ஹெப்சி திட்டுகிறாள். அம்மா தட்டுவதைப் பத்துத் தடவை பதிவு செய்து கிளினிக்குக்குக் கொண்டுவந்தால், இது வேண்டிய சத்தம் என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்கலாமாம். ஸ்பூனைக் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. விழுந்ததிலிருந்து அவள் தட்டவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

நீ வீடியோவில் வந்து, அம்மா, தட்டும்மா என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் தட்டுவாள். எதற்கென்று மட்டும் சொல்லாதே.

கர்த்தர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் கேட்கிற செவியைத் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆபேல் (கைநாட்டு)