கட்டைவிரலுக்கு ஜீரோ

ரூபன்,

கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பு மேலயே இருக்கு, சுட வச்சுக்கோங்க. "நாப்பது வயசுல பியானோ, அதுக்கு ரெண்டு புக்கு வேறயா?"ன்னு நேத்து கேட்டீங்களே, அந்தக் கோவம் காலைல வரைக்கும் இருந்துச்சு. சரி, ஒண்ணைக் கடைல திருப்பிக் குடுத்துடலாம்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். சிவப்புப் புக்குல எடுத்தவுடனே நோட்ஸ் படிக்கணும். நீலம் முதல்ல கறுப்புக் கட்டைங்களை மட்டும் தொட்டுப் பழகச் சொல்லுது. பத்தே நிமிஷத்துல ஒரு பாட்டு வாசிச்சுட்டேன்! எனக்கு நீலந்தான்.

சிவப்பைப் பைல வைக்கப் போனா, எட்டாம் பக்கத்துல பென்சில்ல விரல் நம்பர்! கட்டைவிரலுக்கு ஒண்ணுன்னு புக்கே சொல்லுது. எழுதினவர் ஜீரோ போட்டிருக்கார். இந்த வீட்ல ஜீரோலேருந்து எண்ணற ஆள், ப்ரோக்ராம் எழுதற நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தெரியாம எத்தனை நாளா நடக்குது இது?

கிறுக்கின புக்கைக் கடைக்காரர் வாங்க மாட்டார். சிவப்பு உங்களுக்கே.

ஹெலன்

சாரியெல்லாம் வேணாம். நீலத்துல கடைசிப் பாட்டு ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கறது. ஆறு மணிக்கு வந்துடுவேன், கீபோர்டு முன்னாடி இன்னொரு நாற்காலி போட்டு வைங்க.