ஓக் புகையும் சாம்பிராணியும்

வெள்ளி, ஓகஸ்ட் 8

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சிரிப்பு வருகிறது.

இன்று மாட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டேன். லண்டன் நோர்பரியில் இருக்கும் என் சிநேகிதி ஜேட் வீட்டில்தான். அவளுடைய அப்பா டெக்சாஸ்காரர். மாட்டு நெஞ்சிறைச்சிக்கு உப்பும் மிளகும் மட்டும் போட்டு, விடிய முதலே ஓக் விறகுப் புகையில் வைத்திருந்தார். கருகிய ஓரத்துண்டை நானே கேட்டு வாங்கினேன். அப்படியொரு ருசி!

விடுமுறையில் கிழமை மறந்துபோனது. வீட்டு வாசலுக்கு வந்து தோசை மணத்தபோதுதான் வெள்ளி என்று நினைவு வந்தது. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளியில் முட்டைகூட இல்லை. மாடு எந்த நாளும் இல்லை.

வாசலில் அப்பா என் தலையை மோந்து பார்த்தார்.

"ஓக் விறகோ?" என்றார் மெதுவாக. "மாடோ பிள்ளை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உஷ்! நான் ஜேர்மனியில ரெஸ்ரோரண்ட் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டெல்லோ நிண்டனான். மாட்டை விடு. பன்றி விலாவும் ஆப்பிள் விறகும்தான் ருசியான சாமான்."

"இல்லையப்பா, ஓக்தான் திறம்," என்றேன் விக்கிக்கொண்டே.

"கதையாதை. அம்மா வாறதுக்குள்ள ஓடிப்போய்த் தலை முழுகு."

முழுகிவிட்டு வந்த என்னைக் கண்டு அம்மா பூரித்துப்போனார். "வெள்ளிக்கிழமை சொல்லாமலே முழுகியிருக்கிறாள்! இஞ்ச வா." ஈரத்தலைக்குத் தன் கையாலேயே சாம்பிராணிப் புகை பிடித்தார். அப்பா தோசைத் தட்டைப் பார்த்தபடி இருமினார்.

தலையணை முழுக்கச் சாம்பிராணி. நகத்துக்குள் மட்டும் இன்னும் ஓக். அம்மா கையைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு விலா கொண்டுவர வேண்டும். செவ்வாயும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம்.