அந்தப் பத்து நாள் லீவு வேண்டாம்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். மூன்றாவது ஆள் வயிற்றுக்குள்ளிருந்தே உதைக்கிறது, அப்படியே உங்கள் குணம். எட்டாம் மாதம் என்பதால் சூப்பர்வைசர் என்னைத் தையல் மெஷினிலிருந்து நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டார். லேசான வேலைதான், கவலைப்படாதீர்கள்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பத்து நாள் கூடுதல் லீவு தருகிறார்கள் என்று கண்ணிவெடி எடுக்கும் குழுவுக்கு நீங்களாகவே பேர் கொடுத்திருப்பதாக எழுதிய வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். பிரசவ நேரத்தில் பத்து நாள் கூடுதல் லீவில் வருகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். உங்கள் அம்மாவை ஏமாற்ற முடியுமா? பட்டாளத்துல பத்து நாளைச் சும்மா தூக்கிக் குடுக்குறாங்களா என்று கேட்டு என் முகத்தையே பார்த்தார். நல்லா வேலை செஞ்சதுக்குப் பரிசு அத்தை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

எங்கள் கம்பெனியிலும் போன வருஷம் இப்படி ஒன்று வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று மாதம் விடாமல் வந்தால் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு. பக்கத்து மெஷின் அக்கா கொதிக்கிற காய்ச்சலோடு வந்து விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டார். லீவு கிடைத்தது. இரண்டு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் கழிந்தது.

அந்த அக்காவிடம் மட்டும் உங்கள் விஷயத்தைச் சொன்னேன். பட்டாளத்துல நிக்கிறவங்களுக்கு லீவு குடுக்காம வேற யாருக்குடி குடுக்கிறது என்றார். நான் மட்டும் வேண்டாம் என்றா சொல்கிறேன்? வெயிலிலும் குளிரிலும் நின்றதற்குத் தாராளமாகக் கொடுக்கட்டும். வீட்டு ஆசையைக் காட்டி வெடிப் பக்கம் கூப்பிடுவது என்ன நியாயம்? கூப்பிட்டால், நீங்களும் தலையை ஆட்டிவிடுவதா? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

உங்கள் முறை வந்து அனுப்பினால் போங்கள், தடுக்க மாட்டேன். நீங்கள் விலகினால் இன்னொருத்தி புருஷன் போவான் என்பதும் தெரியும். தெரிந்தேதான் பேரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்கு அத்தை இருக்கிறார், அக்கா இருக்கிறார். நீங்கள் மெதுவாக, எல்லோரையும் போல, உங்கள் லீவு வரும்போது வாருங்கள். பேரை எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், போதும். உன் முகத்தைப் பார்க்கத்தான் உங்கப்பா அங்கே போனார் என்று நாளைக்கு இந்தப் பிள்ளையிடம் என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வரிக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி