காலமானவரின் கணக்கு இன்னும் எழுதிக்கொண்டிருப்பது குறித்து

அனுப்புநர்
திருமதி எலிசபெத் தேவசிகாமணி,
தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை (ஓய்வு),
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்
தலைமை நிர்வாகி அவர்கள்,
பொருநைக் களஞ்சியம் (இணையக் கலைக்களஞ்சியம்),
தச்சநல்லூர், திருநெல்வேலி.

பொருள்: என் கணவர் அமரர் தேவசிகாமணியின் பயனர் கணக்கைக் கொண்டு அவர் தம்பி தம்மைத் தாமே புகழ்ந்து எழுதுவதும், உண்மையாக உழைத்தவரின் பெயரை நீக்கியதும் – கணக்கை முடக்கி, நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் 12.02.2024. 2. தங்கள் மன்றத்தின் பதில், நாள் 04.03.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற தங்கள் களஞ்சியத்தில் எட்டு ஆண்டுகள் எழுதினார். தாமிரவருணியில் பழைய காலத்தில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடு வெட்டிக் காட்டும் கற்கள் கரையோரத்து வயல்களிலும் படித்துறைகளிலும் உண்டு. அவற்றில் இருபத்துமூன்று கற்களைத் தேடிப் பதிந்த 'வெள்ளக் கற்கள்' என்ற கட்டுரை அவருடையது. 11.03.2023 அன்று மாரடைப்பால் காலமானார். இறப்புச் சான்றிதழ் நகலும் அடக்கப் பதிவேட்டின் நகலும் இத்துடன் இணைத்துள்ளேன். தயவு செய்து அவற்றை முதலில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

2. இப்படிக் கேட்கக் காரணம், பார்வை இரண்டில் கண்ட தங்கள் பதில். "பயனர் தேவசிகாமணியிடம் அவரது பேச்சுப் பக்கத்தில் விளக்கம் கேட்கப்பட்டது. தாம் நலமுடன் இருப்பதாகவும், இது குடும்பத் தகராறு என்றும் அவர் தெரிவித்துள்ளார். தாங்கள் அவருடைய மனைவி என்பதால் நலன் முரண் விதிப்படி தங்கள் கூற்றை ஏற்க இயலாது" என்று எழுதியிருந்தீர்கள். ஐயா, முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கடிதத்தை நாலு முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன். செத்தவரிடம் போய் நீர் செத்துவிட்டீரா என்று கேட்டு, அவர் இல்லை என்றதும் கோப்பை முடித்துவிட்டீர்கள். அவரை மண்ணுக்குள் வைத்ததைக் கண்ணால் பார்த்த நான் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

3. நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் எந்தக் கடவுச்சொல்லையும் நினைவில் வைக்க மாட்டார். எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில், பிறப்பும் திருமணமும் ஞானஸ்நானமும் எழுதுகிற இடத்தில், அடியில் பென்சிலால் களஞ்சியத்தின் கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்தார். வேதாகமத்தை எவன் திருடுவான் என்பது அவர் எண்ணம். அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் வசனம் வாசிக்கும்படி அந்த வேதாகமத்தை அவர் தம்பி பாக்கியசீலன் கையில் எடுத்துக் கொடுத்தவள் நானேதான். என் கணவரின் இறந்த தேதியையும் அந்தத் தாளில் அவரையே எழுதச் சொன்னேன். அவர் எழுதினார். கீழே இருந்ததையும் படித்துவிட்டார். பிறகு கடவுச்சொல்லை மாற்றியும் விட்டார்.

4. என் கணவரின் அலைபேசியை நான் அணைக்கவில்லை. அணைக்க மனம் வரவில்லை. 20.08.2023, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அலைபேசி ஒலித்தது. "உங்கள் திருத்தத்திற்கு நன்றி, தேவசிகாமணி" என்று களஞ்சியத்திலிருந்து அவருடைய மின்னஞ்சலுக்கு அறிவிப்பு. திறந்து பார்த்தால், ஐந்து மாதத்துக்கு முன் அடக்கமான மனிதர் அன்று காலை பத்தேகாலுக்கு ஒரு புதிய கட்டுரை தொடங்கியிருக்கிறார். தலைப்பு: பாக்கியசீலன். முதல் வரி: "நெல்லைச் சீமையின் நிகரற்ற ஆற்று ஆய்வாளர்."

5. தங்கள் விதிப்படி தன்னைப் பற்றியோ, தன் வீட்டாரைப் பற்றியோ ஒருவர் கட்டுரை எழுதக் கூடாது. 2021இல் பாக்கியசீலன் தமக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி வீட்டுக்கு வந்து கேட்டார். நான் காபி கொண்டுவந்து வைக்கிறேன், என் கணவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "ஏலே, நம்ம வீட்டுப் புள்ளைய நாமளே மெச்சப்படாதுலே. நீ நாலு காரியம் செய்யி, ஊரான் எழுதுவான்." அப்படிச் சொன்ன மனிதர் உயிரோடு இருந்து எழுதியிருந்தாலும் அது விதிமீறல். இறந்த பிறகு எழுதினால் அதற்குத் தங்கள் விதிப்புத்தகத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

6. அன்றே நான் புகார் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் நலன் முரணை நானே அறிவித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில், மேலப்பாளையத்திலிருந்து எழுதும் ஹாஜா என்ற பயனர், அவர் காலமானது தெரியாமல், பேச்சுப் பக்கத்தில் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, ரொம்ப நாளா ஆளையே காணோமே, சொகமா இருக்கியளா?" அதற்குப் பதில் வந்திருந்தது: "நல்லா இருக்கேன் வே. கால் வலிதான், இப்பம் பரவால்ல." என் கணவருக்கு இடது முழங்கால் வலி உண்டு. அந்தப் பதிலை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் வலி பரவாயில்லையாமே என்றுதான் தோன்றியது. அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்த அலைபேசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அது ஒலிக்கும். யாரோ வாசல் கதவைத் திறந்து உள்ளே வருகிற மாதிரி இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இரண்டு மாதம் நான் விதவையாக இருக்கவில்லை.

7. அக்டோபரில் நானும் வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அவருக்கு எழுதினேன். கற்களைத் தேடிப் போன ஒரு நாளில் நாங்கள் இருவரும் நனைந்து, அவருடைய குறிப்பு நோட்டை அடுப்படியில் விரித்துக் காயவைத்தோம். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். "மழையில நனைஞ்ச நோட்டு காஞ்சுதா?" என்று கேட்டேன். மறு ஞாயிறு பதில் வந்தது. "நீங்க யாரு? தெரியலையே." ஐயா, அவரை அடக்கம் பண்ணிய அன்று நான் அழவில்லை, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பதில் வந்த ஞாயிறுதான் அழுதேன்.

8. டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. ஆறு எதுவரை ஏறும் என்று அறிய 'வெள்ளக் கற்கள்' கட்டுரையைத் தேடிப் படித்தவர்கள் பெருகினார்கள். அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு வரி எழுதியிருந்தார்: "இருபத்துமூன்றில் பத்தொன்பது கற்களை எனக்குக் காட்டியவர் விவசாயக் கூலித் தொழிலாளி சொரிமுத்து. அவர் இல்லையேல் இக்கட்டுரை இல்லை." 07.01.2024 அன்று அந்த வரி நீக்கப்பட்டது. "கற்களைக் கண்டறிந்தவர் ஆய்வாளர் பாக்கியசீலன்" என்று மாற்றப்பட்டது. திருத்த வரலாற்றில், செய்தவர் பெயர்: தேவசிகாமணி. பாக்கியசீலன் அந்தக் கற்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. செருப்பில் சேறு படும் என்று வரப்பில் இறங்காதவர்.

9. சொரிமுத்து சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர். என் கணவரின் குழிக்குள் மண் தள்ளியவர்களில் அவரும் ஒருவர். அவர் மகள் தேன்மொழி அலைபேசியில் கட்டுரையையும் திருத்த வரலாற்றையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிப்ரவரி முதல் வாரம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. "அம்மா, ஐயா எம் பேர அழிச்சுட்டாவளாம்லா. செத்த பொறவும் வந்து அழிக்கணும்னா நான் என்னமோ பெரிய தப்பு செஞ்சிருக்கேன். என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். எழுதியது சின்னவர் என்று நான் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. "பேரு ஐயா பேருல்லாம்மா போட்டிருக்கு" என்றார்.

10. ஒரு வாரம் கழித்துக் கல்லறைத் தோட்டக் காவலர் எனக்குச் சொல்லி அனுப்பினார். என் கணவரின் கல்லறைமேல் யாரோ சீவிய இளநீரும் வெற்றிலை பாக்கும் வைத்திருக்கிறார்கள், இது நம் வழக்கமில்லையே, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். சொரிமுத்து இப்போது ஆற்றுப் பக்கம் போவதில்லை. அந்தக் கற்களைக் கண்டால் ஐயா பக்கத்தில் நின்று முறைக்கிற மாதிரி இருக்கிறதாம். அவர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஐயா கோபம் என்கிறாராம். தேன்மொழி அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்.

11. பாக்கியசீலனிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "மதினி, அண்ணன் பேரு எழுத்துல வாழுதுல்லா? நான் எழுதலன்னா அவாள யாரு நெனைப்பா?" என்றார். நானும் இரண்டு மாதம் அதையேதான் நினைத்திருந்தேன். சொரிமுத்துவின் பெயரையாவது திரும்பப் போட்டுவிடும் என்று கெஞ்சினேன். ஒரு விருதுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம், அதுவரை பொறுக்கச் சொன்னார். அதன் பிறகே 12.02.2024 அன்று தங்களுக்குப் புகார் எழுதினேன். நான் அந்தப் பக்கத்தைத் தொட்டுத் திருத்தவில்லை. தேவசிகாமணியின் மனைவி அப்படிச் செய்யக் கூடாது என்பதால்தான் மனுவாக எழுதுகிறேன்.

12. ஆகையால் நான் வேண்டுவது: (அ) என் கணவர் பெயரில் 11.03.2023க்குப் பின் செய்யப்பட்ட எல்லாத் திருத்தங்களும் அவர் செய்தவை அல்ல என்று 'வெள்ளக் கற்கள்' பக்கத்திலேயே, தேன்மொழி தன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்படி எளிய தமிழில் எழுதுங்கள். (ஆ) சொரிமுத்துவைப் பற்றிய வரியை என் கணவர் எழுதியபடியே, ஒரு எழுத்தும் குறையாமல் திரும்பச் சேருங்கள். (இ) பாக்கியசீலன் என்ற கட்டுரையை விதிப்படி என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். அதில் எனக்குப் பேச்சில்லை. (ஈ) கணக்கை நிரந்தரமாக முடக்குங்கள்.

13. முடக்கும்போது காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு என்றும், அது எல்லோர் கண்ணிலும் படும் என்றும் அறிகிறேன். அதில் 'விதிமீறல்' என்றோ 'தற்புகழ்ச்சி' என்றோ எழுதிவிடாதீர்கள். எட்டு ஆண்டுகளில் அவர் ஒரு வரிகூடப் பொய் எழுதியதில்லை. 'காலமாகிவிட்டார்' என்று மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அலைபேசி ஒலிக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். தாங்கள் எழுதும் அந்த ஒரு சொல் அதில் அறிவிப்பாக வந்து சேர்ந்ததும் சொரிமுத்துவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அதை அணைத்துவிடுவேன். அதுவரை சார்ஜ் போட்டே வைத்திருக்கிறேன்.

நாள்: 22.06.2024
இடம்: பாளையங்கோட்டை

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) எலிசபெத்
அமரர் தேவசிகாமணியின் மனைவி

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல், அடக்கப் பதிவேட்டு நகல், திருத்த வரலாற்றின் அச்சுப்படி, வேதாகம முதல் தாளின் ஒளிப்படம் (இறந்த தேதி பாக்கியசீலனின் கையெழுத்தில் உள்ளது).