வலப்பக்கமிருந்து வந்தவன்

திருப்பதி,
8.11.1998

அன்புள்ள அண்ணா,

கை உடைந்து படுத்திருக்கும் உனக்குக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துவிடு. போனில் பேசினால், உன்னைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்திருக்கும் நைனா பக்கத்திலேயே நிற்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நகரிக்குப் போயிருந்தேன். வானத்தில் உன் விமானமும் ஹரிபாபுவின் விமானமும் மோதி அவன் இறந்ததைப் பற்றி நைனாவுக்கு நீ எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி அவன் அம்மா வந்தார். இரண்டிலும் ரேடியோ இல்லை, அவன் உன்னைப் பார்க்கவில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன்.

"சைக்கிள்ல போனாலே ரெண்டு பக்கமும் பாத்துக்கினு போற புள்ளமா அது. ஆகாசத்துல மட்டும் பாக்காம பூட்டானா? ஊர்ல அல்லாரும் அவன் மேலதான் தப்புங்கறாங்க" என்றார்.

நான் ஒரு வரியைப் படிக்காமல் விட்டுவிட்டேன். அவன் உன் வலப்பக்கமிருந்து வந்தான் என்ற வரி.

நீ விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட வருடம் எனக்கு எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. ரேடியோ இல்லாவிட்டால் கண்தான் காவல், முன்கண்ணாடியில் நகராமல் பெரிதாகிக்கொண்டே வரும் புள்ளிதான் நம்மேல் மோத வருவது, வலப்பக்கம் வருகிறவனுக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஹாஸ்டல் முழுக்கப் பெருமையாகச் சொன்னேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. மறைக்க நினைத்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டாய்.

அண்ணா, யார் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு நீயே எழுது. படித்துக் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார். இந்தமுறை ஒரு வரியும் விடமாட்டேன்.

உன் தங்கை