மூன்று நாளாக வேகாத கறி

என்னங்க,

இந்தச் சீட்டைப் புது ஸ்லோ குக்கரின் மூடிமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். காலையில் போட்டால் மாலைக்குள் மெதுவாக, தானாக வெந்துவிடும் என்றுதான் வாங்கினோம்; மூன்று நாளாகக் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது. கிழங்கை அடியில் போட்டேன், தண்ணீரைக் குறைத்தேன், காலை ஏழு மணிக்கே சுவிட்சைப் போட்டேன். பத்து மணி நேரம் ஆகியும் வேகவில்லை. நீங்களும் மென்றுகொண்டே, "மெஷினே சரியில்லடி, திருப்பிக் குடுத்துடு" என்றீர்கள்.

எங்கள் கேன்டீன் சமையல்கார அக்காவிடம் புலம்பினேன்.

"ஒரு தடவ மூடியத் தொறந்தா அரை மணி நேரச் சூடு போச்சு. உன் வீட்ல யாரோ சும்மா சும்மா எட்டிப் பாக்குறாங்கடி."

"பகல்ல வீட்ல ஆளே இல்லக்கா. அவரு எனக்கு முன்னாடியே கிளம்பிடுவாரு."

"அப்போ பேய்தான் பாக்குது" என்று சிரித்தார்.

நேற்று உங்கள் அச்சகத்துக்குப் போனேன். வாசலில் பூட்டு. காவலாளி, "போன மாசமே எல்லாரையும் அனுப்பிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

பதினோரு வருடம் மையில் ஊறிய ஆட்களை ஒரே நாளில் வெளியே தள்ளினானே, அந்த முதலாளி வெட்கப்படவில்லை. நீங்கள் எதற்கு வெட்கப்படுகிறீர்கள்? நான் கிளம்பும்வரை தெருமுனையில் ஒளிந்து நின்றிருப்பீர்கள். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று மூடியைத் தொடாதீர்கள். மாலையில் பையை மாட்டிக்கொண்டு, களைத்தவர் மாதிரி எனக்குப் பின்னால் வந்து மணி அடிக்காதீர்கள். நான் வரும்போது நீங்களே கதவைத் திறந்துவிடுங்கள்.

கோபத்துடன்,
உங்கள் வீட்டுக்காரி